மைக் கேட்கவில்லையா? இயர்போனைத் தூக்கிப் போடும் முன்

தேனியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். 150 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை மைக் வைத்த ஒயர் இயர்போன்கள்தான் அங்கே அதிகம் விற்கும். அதிகம் திரும்பி வருவதும் அவைதான். "ஏப்பா, நேத்து வாங்குன ஹெட்செட்டு, மைக்கு வேலை செய்யல" என்று மேசையில் வைப்பார்கள். எங்கள் பக்கம் காதில் மாட்டுவது எதுவானாலும் ஹெட்செட்டுதான். நானும் முதல் சில மாதம் மறுபேச்சு பேசாமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவற்றை முதலாளி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார்.

ஒருநாள் நல்ல மழை, கடையில் ஆளே இல்லை. பொழுது போகாமல் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக என் போனில் மாட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நன்றாகவே வேலை செய்தன. சிக்கல் வாங்கியவரின் போனில் இருந்திருக்கிறது, இல்லை செயலியில், இல்லை போனில் இயர்போன் சொருகும் துளையான ஜாக்குக்குள் அடைந்திருந்த சட்டைப்பை நூலில். அதற்குப் பிறகு யார் வந்தாலும் "என்னண்ணே ஆகுது, சொல்லுங்க" என்று முதலில் கேட்டுக்கொள்ளப் பழகினேன். அவர்கள் சொன்ன குறைகளையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு வேலை.

மாற்றி மாட்டிப் பாருங்கள்

உங்கள் இயர்போனை வீட்டில் இன்னொருவர் போனில் மாட்டுங்கள். அவருடைய இயர்போனை உங்கள் போனில் மாட்டுங்கள். உங்கள் இயர்போன் எந்தப் போனிலும் சரியில்லை என்றால் கோளாறு இயர்போனில். எந்த இயர்போனை மாட்டினாலும் உங்கள் போனில் சரியில்லை என்றால் கோளாறு போனில். இரண்டுமே தனித்தனியாக நன்றாக இருந்து, சேர்ந்தால் மட்டும் தகராறு செய்தால் அது பொருத்தப் பிரச்சினை. அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் மூன்றாவது இயர்போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

"நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல"

கடைக்கு வரும் குறைகளில் இதுதான் தலையானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். எதிர்முனையில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சுத்தமாகவே கேட்கவில்லையா, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறதா? இரண்டும் வேறு வேறு.

கிணற்றுக் குரல் என்றால், பெரும்பாலும் நீங்கள் இயர்போன் மைக்கில் பேசவே இல்லை. இயர்போனில் மைக் இருப்பது போனுக்குத் தெரியவில்லை. அதனால் அது தன் அடிப்பக்க மைக்கையே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. போனோ பேன்ட் பைக்குள் கிடக்கிறது. இதை உறுதி செய்ய, வாட்ஸ்அப்பில் யாருக்காவது குரல் பதிவு ஒன்றைத் தொடங்குங்கள். இயர்போன் மைக் துளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் காதை அறைகிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது. போனோடு வரும் ஒலிப்பதிவுச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். இயர்போன் மாட்டியிருந்தாலும் போன் மைக்கில் பதிவு செய்கிறவை அவற்றில் உண்டு.

பல ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இயர்போன் மாட்டியதும் ஒரு சின்னம் வரும். அதில் வாய்ப்பக்கம் ஒரு குட்டி மைக் நீட்டிக்கொண்டிருந்தால் போன் மைக்கைக் கண்டுகொண்டது என்று பொருள். வெறும் காது மாட்டி மட்டும் தெரிந்தால் காணவில்லை.

ஏன் காணவில்லை? இயர்போன் பின்னைப் பாருங்கள். மைக் உள்ள 3.5 மி.மீ. பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும் (சிலவற்றில் வெள்ளை), அவை உலோகத்தை நான்கு துண்டாகப் பிரிக்கும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்ட், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பும் வழி, அடியில் இருப்பது மைக்குக்கு. வளையம் இரண்டே இரண்டு என்றால் அந்த இயர்போனில் மைக்குக்கு வழியே கிடையாது. நடுவில் பெட்டி போல ஒன்று இருக்கிறதே என்பீர்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உருளை மட்டும் உள்ள பெட்டியாகவும் அது இருக்கலாம். அப்படி ஒன்றை வாங்கிப் போய், மறுநாள் கடை வாசலில் நின்று சத்தம் போட்ட அண்ணன் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விற்றவன் நான்தான்.

வளையம் மூன்று இருந்தும் போன் காணவில்லை என்றால், பின் முழுதாக உள்ளே போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் தொடவேண்டிய இடம் மாறி வேறு துண்டைத் தொடும். முதல் எதிரி போன் கவர். தடித்த ரப்பர் கவரில் ஜாக் துளை குறுகலாக இருந்தால் பின்னின் பிளாஸ்டிக் தோள் அதில் முட்டி நின்றுவிடும். கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரவேண்டும்.

இரண்டாவது எதிரி பஞ்சு. சட்டைப்பையிலும் கைப்பையிலும் போனை வைக்க வைக்க, நூலும் தூசியும் ஜாக்குக்குள் போகும். ஒவ்வொரு முறை பின்னைச் சொருகும்போதும் அதை அடியில் வைத்துக் கிட்டித்துவிடுகிறோம். டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை தெரியும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் முனையால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளப்பி எடுங்கள். ஊக்கு, ஹேர்பின், ஊசி எதுவும் வேண்டாம். உள்ளே மெல்லிய தகடுகள் வில் போல வளைந்து நிற்கின்றன, ஒன்று மடங்கினால் ஜாக்கையே மாற்ற வேண்டியதாகிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும். ஒரு கல்லூரிப் பையன் போனிலிருந்து நான் எடுத்த பஞ்சு ஒரு மிளகு அளவு இருந்தது. அவன் அந்த மாதத்தில் இரண்டு இயர்போன் மாற்றியிருந்தான்.

சரி, இப்போது சுத்தமாகவே கேட்காத கதை. போன் மைக்கைக் கண்டுகொண்டுவிட்டது, ஆனால் அதிலிருந்து எதுவும் வரவில்லை. சாதாரண அழைப்பில் கேட்கிறதா, வாட்ஸ்அப்பிலோ ஆன்லைன் வகுப்பிலோ மட்டும் கேட்கவில்லையா? அப்படியென்றால் இயர்போனைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் செயலிக்கு மைக் அனுமதி இல்லை. செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, அனுமதிகளில் மைக்ரோபோனை அனுமதியுங்கள். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுத்தால் வரும் பட்டியலில் மைக்கை மொத்தமாக அடைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. வீட்டில் குழந்தை கை வைத்த போன் என்றால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

சாதாரண அழைப்பிலும் கேட்கவில்லை என்றால் மைக் துளையைத் தேடுங்கள். பட்டன் உள்ள பெட்டியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். சிலவற்றில் பட்டனுக்கு நேர் பின்னால் இருக்கும். நம் ஆட்களில் பலர் அந்தப் பெட்டியை வாய்க்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது, கட்டைவிரலால் அந்த ஓட்டையையே அடைத்துக்கொள்வார்கள். முகப்பவுடரும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை அடைக்கும். காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தால் போதும், குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் மைக் அந்த ஓட்டைக்கு ஒட்டியே இருக்கிறது.

இத்தனையும் பார்த்தும் வேறு போனிலும் கேட்கவில்லை என்றால் மைக் ஒயர் அறுந்திருக்கிறது. அறுந்த இடம் பெரும்பாலும் பின்னின் அடியிலோ, ஒயர் பெட்டிக்குள் நுழையும் வாயிலிலோதான் இருக்கும். அழைப்பில் இருந்தபடியே அந்த இரண்டு இடங்களையும் வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது குரல் வந்து வந்து போனால் சந்தேகமே இல்லை.

"பாட்டுல மியூசிக் வருது, பாடுறவங்க குரலக் காணோம்"

இந்தக் குறையை முதல்முறை கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். காதில் மாட்டிப் பார்த்தேன். உண்மைதான், மேளம் தாளம் எல்லாம் எங்கோ குகைக்குள் ஒலிக்கிறது, பாடுகிறவர் இல்லை.

இது கிரவுண்ட் கிடைக்காத இயர்போனின் அடையாளம். கிரவுண்ட் விட்டுப்போனால் இடது காதும் வலது காதும் ஒன்றோடொன்று தொடராக இணைந்து, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள். சமமானது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் பின் முழுதாகச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். சொருகியிருந்தால், இயர்போன் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் வந்து, விட்டதும் போனால், இயர்போனும் போனும் வெவ்வேறு இனம். மைக் உள்ள பின்னில் இரண்டு முறை உண்டு. சி.டி.ஐ.ஏ. முறையில் மூன்றாவது துண்டு கிரவுண்ட், அடித்துண்டு மைக். ஓ.எம்.டி.பி. முறையில் இந்த இரண்டும் இடம் மாறி இருக்கும். ஐபோனும் இன்றைய ஆண்ட்ராய்டு போன்களும் சி.டி.ஐ.ஏ. பழைய நோக்கியா போன்கள் பலவும் ஓ.எம்.டி.பி. பட்டனை அழுத்தும்போது மைக்கும் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்வதால் தற்காலிகமாகச் சரியாகிறது. இதுதான் நான் மேலே சொன்ன பொருத்தப் பிரச்சினை. அலமாரியில் கிடந்த பழைய இயர்போனைப் புதுப் போனில் மாட்டினால் இது நடக்கும். இரண்டையும் மாற்றித் தரும் சின்ன இணைப்பு ஒன்று கிடைக்கிறது. ஆனால் அதன் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது இயர்போனே வாங்கிவிடலாம். பட்டனை அழுத்தியும் குரல் வரவில்லை என்றால் கிரவுண்ட் ஒயரே அறுந்திருக்கலாம்.

"ஒரு காதுதான் கேக்குது"

செட்டிங்ஸில் அணுகல்வசதி (ஆக்ஸஸிபிலிட்டி) என்ற பகுதியில் இடது வலது ஒலிச் சமநிலைக் கோடு ஒன்று இருக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாயவில்லை என்றால் ரப்பரைக் கழற்றி, அந்தப் பக்கத்து வலையை வெளிச்சத்தில் பாருங்கள். காதுக்குரும்பி. சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் மெதுவாகக் கேட்பதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் அத்தனையும் உள்ளே போய்விடும். ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு மாட்டலாம்.

மெதுவாகக்கூட இல்லை, ஒரு பக்கம் முற்றிலும் மௌனம் என்றால் ஒயர். வளைத்துப் பார்க்கும் அதே சோதனை இங்கேயும் செல்லும். அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளவேண்டுமென்றால் அணுகல்வசதியில் மோனோ ஒலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து ஒலியும் கேட்கிற ஒரு காதுக்கே வந்துவிடும். அழைப்புக்கு அது தாராளம்.

"கரகரன்னு இரையுது"

யாருக்கு இரைகிறது? எதிர்முனைக்கு என்றால், மைக் பெட்டி சட்டைப் பட்டனிலோ துப்பட்டாவிலோ தாலிச் சங்கிலியிலோ உரசுகிறது. ஒயரை ஒரு கிளிப்பால் சட்டைக் காலரில் பிடித்து நிறுத்தினால் பாதி தீரும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேசுவது இன்னொரு காரணம். அந்தக் காற்று மைக் துளையில் புயலாகக் கேட்கும்.

உங்கள் காதில் இரைகிறது, அதுவும் சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது சார்ஜரின் மின் இரைச்சல். மட்டமான சார்ஜரில் அதிகம் வரும். மைக் வழியாக எதிர்முனைக்கும் உறுமலாகப் போகும். சில நேரம் இயர்போன் உலோகம் காதில் பட்டால் எறும்பு ஊர்வது போல் இருக்கும். இரண்டு கால் பிளக்கில் எர்த் இல்லாததால் வரும் கசிவு அது. நல்ல சார்ஜரில் அது அளவோடு இருக்கும். பெயர் தெரியாத சார்ஜருக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். சார்ஜ் போட்டுக்கொண்டே காதில் மாட்டிப் படுத்துத் தூங்குகிற பழக்கம் இருந்தால், இன்றோடு விடுங்கள்.

"பாட்டு தானா நிக்குது, திடீர்னு கூகுள் பேச ஆரம்பிக்குது"

பேய் எல்லாம் இல்லை, வியர்வைதான். நடுப்பட்டன் செய்வது மிகச் சாதாரண வேலை: மைக் ஒயரையும் கிரவுண்டையும் ஒரு கணம் சேர்க்கிறது. ஒரு முறை சேர்ந்தால் நிறுத்து, அழுத்தியபடியே இருந்தால் உதவியாளரைக் கூப்பிடு என்று போன் புரிந்துகொள்கிறது. பெட்டிக்குள் வியர்வையோ மழைத்துளியோ இறங்கினால் அந்த இரண்டும் தானாகவே சேரும். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூசி போய் மைக் துளையை அடைக்கும். மின்விசிறிக் காற்றில் ஒருநாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் திரும்பி வரும்.

நடக்கும்போது, ஒயர் அசையும்போது மட்டும் நடக்கிறதென்றால் வியர்வை அல்ல. பின் லூஸாக இருக்கிறது, அல்லது ஜாக்கில் பஞ்சு. மேலே சொன்ன சுத்தத்தைச் செய்யுங்கள்.

"பட்டன் பாதிதான் வேலை செய்யுது"

நடுப்பட்டன் வேலை செய்கிறது, ஒலி கூட்டும் குறைக்கும் பட்டன்கள் செய்யவில்லை. ஐபோனுக்கான இயர்போனை ஆண்ட்ராய்டில் மாட்டினால் இப்படித்தான். ஆண்ட்ராய்டு போன் அந்தப் பட்டன்களை மின்தடையை வைத்து அடையாளம் காண்கிறது: கூட்ட 240 ஓம், குறைக்க 470 ஓம். ஆப்பிள் வேறு முறையில் சமிக்ஞை அனுப்புகிறது. இது கோளாறு அல்ல, சரிசெய்யவும் எதுவும் இல்லை. ஒரே ஒரு பட்டன் மட்டும் உள்ள இயர்போன் இரண்டிலும் வேலை செய்யும். அதனால்தான் பெட்டியில் பட்டன் குறைய இருப்பதை நான் குறையாகச் சொல்வதில்லை.

"டைப்-சி வாங்கினேன், போன் கண்டுக்கவே இல்ல"

ஐபோன் 7 ஜாக்கை 2016இல் எடுத்தது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் விலை குறைந்த போன்களில்தான் வட்ட ஜாக் மிச்சம் இருக்கிறது. டைப்-சி இயர்போன், அல்லது டைப்-சியிலிருந்து 3.5க்கு மாற்றும் குட்டி ஒயர், இரண்டிலும் இரண்டு வகை உண்டு. வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றில் உள்ளேயே ஒரு சிப் இருந்து, போன் தரும் டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றும். இன்னொன்று வெறும் ஒயர், போன் தானே ஒலியாக மாற்றித் தரவேண்டும். எல்லாப் போனும் அப்படித் தருவதில்லை. பிக்சல், புதிய சாம்சங் கேலக்ஸி, ஐபோன் 15 இவற்றுக்கெல்லாம் சிப் உள்ளதுதான் வேண்டும். மாற்று ஒயரின் உறையில் "DAC" என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் சிப் உள்ளது. மிகக் குறைந்த விலையில் எந்த விவரமும் இல்லாமல் வருவதை விட்டுவிடுங்கள்.

சிப் உள்ளதையே வாங்கியும் மௌனமா? ஒப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ், விவோ போன்கள் பலவற்றில் டைப்-சி துளையில் வெளிச் சாதனம் மாட்டுவதற்கு ஓ.டி.ஜி. இணைப்பு என்று செட்டிங்ஸில் தனிப் பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால்தான் உயிர் வரும். பத்து நிமிடம் எதுவும் மாட்டாமல் இருந்தால் தானாக அணைந்துகொள்வதும் உண்டு. "நேத்து வேலை செஞ்சது, இன்னிக்கு இல்ல" என்று வந்த பலருக்கு இந்தப் பொத்தானைத் தட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காசு வாங்கவில்லை. முதலாளிக்கு அதில் வருத்தம்.

"லேப்டாப்ல மைக் எடுக்கல"

லேப்டாப்பில் ஒரே துளை இருந்து, அதன் பக்கத்தில் மைக்கோடு சேர்ந்த காது மாட்டிப் படம் இருந்தால் அப்படியே மாட்டலாம். பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை உள்ள மேசைக் கணினியில் மைக் வராது. அதற்கு ஒரு கவட்டை இணைப்பு வேண்டும். கடையில் கேட்கும்போது கவனம்: ஒரு போனில் இரண்டு பேர் பாட்டுக் கேட்பதற்கான கவட்டையும் இதே உருவத்தில்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது, போனில் சொருகும் பின்னை ஏற்கும் ஒரு துளையும், மைக், ஒலி என்று படம் போட்ட இரண்டு பின்னும் உள்ளது.

"ப்ளூடூத்துல பாட்டு அருமை, பேசினா மட்டம்"

ஒயரே வேண்டாம் என்று போகிறவர்களுக்காக ஒன்று. பாட்டுக் கேட்கும்போது ப்ளூடூத் ஒருவழியாக, நிறையத் தகவலை அனுப்புகிறது. மைக் வேலை செய்யத் தொடங்கியதும் இருவழி முறைக்கு மாறும். அங்கே ஒலியின் அகலம் சுருங்கிவிடும். பழைய முறையில் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து அனுப்புகிறது, மேம்பட்டதில் 16,000 முறை. பாட்டுக்கு வழக்கமாக 44,100. அதனால்தான் அழைப்பு வந்ததும் தொண்டை கட்டியது போல் ஆகிறது. பாட்டு மட்டும் வந்து அழைப்பு காதுக்கே வரவில்லை என்றால், ப்ளூடூத் பட்டியலில் அந்தச் சாதனத்தின் பக்கத்து பல்சக்கரத்தைத் தட்டி, அழைப்புகள் என்பதைப் போட்டுவிடுங்கள். நாள் முழுக்கப் பேசுகிற வேலை உள்ளவருக்கு, அதே விலையில் ஒயர்தான் என் தேர்வு. சார்ஜும் போட வேண்டாம், எஃப்.எம். ரேடியோ உள்ள போனில் அந்த ஒயரே ஆன்டெனாவாகவும் இருக்கும்.

புதிது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

நான் கடையில் இருந்தபோது நூறு ரூபாய்க்குக் கீழே போன எதுவும் மூன்று மாதம் தாண்டிப் பார்த்ததில்லை. ஐந்நூறுக்கு மேல் கொடுத்த காசு, பாட்டின் தரத்துக்குப் போனதே தவிர மைக்கின் தரத்துக்குப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதே நல்லது.

உறையில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். "எக்ஸ்ட்ரா பாஸ்" அழைப்புக்கு ஒன்றும் செய்யாது. 10 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) என்பதும் அப்படியே. இந்த விலையில் பெரும்பாலானவற்றில் அந்த அளவுதான். போனுக்கு 16 அல்லது 32 ஓம் மின்தடை உள்ள இயர்போன் பொருத்தம். அதுவும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும், தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்க்கவேண்டியது ஒயர் எங்கே சாகும் என்பதை. பின்னின் அடியில் ஒயர் நுழையும் இடத்தில் மென்மையான ரப்பர் கழுத்து இருக்கிறதா? விறைப்பான பிளாஸ்டிக் என்றால் அங்கேயே மடங்கி அறும். போனைச் சட்டைப்பையில் வைப்பவருக்கு எல் வடிவப் பின் நல்லது. ஆனால் தடித்த கவர் போட்டிருந்தால் அந்தக் கவரோடு மாட்டிப் பாருங்கள். நூல் சுற்றிய ஒயர் சிக்கல் விழாது, சட்டையில் உரசினால் மட்டும் கொஞ்சம் இரையும். மைக் பெட்டி கழுத்து மட்டத்தில் தொங்கவேண்டும். இரு காது ஒயரும் சேரும் கவட்டையில், நெஞ்சுக்கு நேராகப் பெட்டி வைத்தவையும் உண்டு. அதில் பேச நீங்கள் குனியவேண்டும், இல்லை தூக்கிப் பிடிக்கவேண்டும்.

ரப்பர் மூன்று அளவில் வரும். நடு அளவை மாட்டியே கொடுப்பார்கள், பலர் மற்ற இரண்டையும் உறையோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காதை அடைக்காத ரப்பரில் பாஸ் ஒழுகிவிடும், நீங்களும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பேருந்து இரைச்சலை மீறிக் கேட்கும் அளவுக்கு வைத்தால் அதைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம்.

பெரிய பிராண்டின் பெயரை அச்சு அசலாகப் போட்ட டூப்ளிகேட் இந்தச் சந்தையில் ஏராளம். உறையில் எழுத்துப்பிழை, தயாரிப்பாளர் முகவரியும் அதிகபட்ச விலையும் இல்லாதது, பாதி விலை, இவை போதும் அடையாளத்துக்கு. பெயரே இல்லாத நேர்மையான இருநூறு ரூபாய் இயர்போன், பொய்ப் பெயர் போட்டதை விட மேல்.

அப்புறம், கவுண்டரிலேயே சோதனை. பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள், அது உங்களுக்கு மைக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்கள் போனிலேயே, உங்கள் கவரோடு மாட்டுங்கள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஒரு அழைப்பு. "அம்மா, கிணத்துக்குள்ள கேக்குதா, பக்கத்துல கேக்குதா?" என்று கேளுங்கள். பேசிக்கொண்டே பின்னின் அடியையும் பெட்டியையும் இரண்டு முறை வளையுங்கள். தெருச் சத்தம் எவ்வளவு போகிறது என்று வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், நானும் முறைத்திருக்கிறேன். பில்லில் தேதியும் "மைக் சோதித்தது" என்ற இரண்டு வார்த்தையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.